எண்ணெய்த் தலையோடு உள்ளே போன சனிக்கிழமை

ஸ்பிரிங்வேலில் ஏறி நகரத்துக்குப் போகும் காலை ரயிலில் என் பக்கத்து இருக்கை எப்போதும் கடைசியாகத்தான் நிரம்பும். பெட்டிக்குள் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவருடைய குடை இன்னொருவருடைய சப்பாத்தில் ஒழுகும். ஆனாலும் என் பக்கத்தில் ஓர் ஆள் தாராளமாக இருக்கக்கூடிய இடம் அப்படியே கிடக்கும். முதலில் பிழை என்னில்தான் என்று நினைத்தேன். சவர்க்காரத்தை மாற்றினேன். கழுத்துப்பட்டி கட்டிப் பார்த்தேன். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை, வாசிக்கத் தெரிந்தவன் என்பது தூரத்திலிருந்தே விளங்கும்படி விரித்துப் பிடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. என் மனைவி புவனாவுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "நல்லதுதானே, சாப்பாட்டுப் பையை வைக்க இடம் கிடைக்குது. உவை வந்து பக்கத்தில இருந்து உங்களுக்கு என்னத்தைத் தரப்போகினம்?" என்றாள்.

எனக்கு எரிந்தது. ஊரில் இருந்துகொண்டு, உனக்கென்ன, அவுஸ்திரேலியாவில் இருக்கிறாய் என்று பெருமூச்சு விடுகிறவர்களை இந்த ரயிலில் ஒரு கிழமைக்கு ஏற்றிவிடவேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பேன். வெள்ளையர் மட்டும் வரலாம் என்ற சட்டத்தை எடுத்துவிட்டோம் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த எழுபதுகளின் நடுப்பகுதி அது. சட்டத்தை எடுத்தார்கள், ஆனால் பக்கத்து இருக்கைக்கு யாரும் சட்டம் போடவில்லை. அப்படியிருக்க, ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, நான் படிப்பித்த தொழில்நுட்பக் கொலிஜின் கால்பந்து அணிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன். பச்சையும் மஞ்சளும் கோடுபோட்ட கம்பளிச் சால்வை. அலுவலகத்தில் எல்லோருக்கும் விற்றார்கள் என்று வாங்கியது. இரண்டாவது ஸ்ரேஷனிலேயே ஒரு கிழவி வந்து, தொப்பென்று என் பக்கத்தில் இருந்து, போன கிழமை ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டாள். நான் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கவில்லை. ஆனால் அன்று நேராக மைதானத்துக்குப் போனேன்.

அப்படித்தான் நான் ரசிகன் ஆனேன். பிறகு உண்மையாகவே அந்த ஆட்டத்தில் பைத்தியமாகிப்போனேன். எங்கள் ஊர்க் கால்பந்து அல்ல அது. முட்டை வடிவப் பந்து. கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். உயர வரும் பந்தை ஆளுக்கு மேல் ஆள் தாவி, நழுவவிடாமல் இரண்டு கையாலும் பிடிப்பதுதான் அதில் பெரிய வித்தை. இரண்டு குளிர்காலம் ஒரு சனிக்கிழமை தவறாமல் மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் எப்போதும் லெஸ் என்ற கிழவர் நிற்பார், ட்ராம் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தில்லைநாதன் என்ற என் பெயர் அவர் வாயில் நுழையாமல் டில்லி ஆனது. டில்லி என்றால் இங்கே பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயராம். அதையும் சகித்துக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இந்த நாட்டில் எங்கேயாவது ஓர் இடத்தில், இவன் எங்கள் ஆள் என்று யாராவது என்னை நினைக்கவேண்டும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, தேநீர் அறையில் ஒருவன் என்னிடம், "நீ யாருக்குப் பாறக் பண்ணுகிறாய்?" என்று கேட்டான். எனக்கு முகம் சிவந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்காரப் பாதிரிமாரிடம் நாங்கள் படித்த ஆங்கிலத்தில் பாறக் பண்ணுவது என்றால் கூ அடிப்பது. கொலிஜ் மட்சுகளில் மற்றப் பக்கத்தான் ஆட வரும்போது கூரைத் தகரம் அதிரக் கூவுவோமே, அது. பிடிபட்டால் அதிபரின் பிரம்படி நிச்சயம். ஆகவே நான் நிமிர்ந்து, "யாரையும் இல்லை. என்னை அப்படி வளர்க்கவில்லை" என்றேன். அடுத்த பல நாட்களுக்கு அந்த மேசையில் என்னோடு யாரும் தேநீர் குடிக்கவில்லை. இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு நேர்மாறான அர்த்தம், தன் அணிக்கு ஆதரவாகக் கத்துவதுதான் பாறக் என்று பிறகுதான் தெரியவந்தது. வீட்டில் இதைச் சொல்லவில்லை. புவனா ஊரில் பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தவள். சொன்னால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

மைதானத்தில் அணியின் கழகத்தார் ஒவ்வொரு கிழமையும் ராஃபிள் சீட்டு விற்பார்கள். பரிசு பெரும்பாலும் ஒரு தட்டு இறைச்சியாக இருக்கும். அந்த வருஷ ஆட்டப் பருவம் முடியும் தறுவாயில் மட்டும் பரிசை மாற்றினார்கள். வெல்கிறவர் தன் துணையோடு ஒருநாள் கழகத்தின் விசேஷ விருந்தாளி. தலைவரோடு மதியச் சாப்பாடு, உடுப்பு மாற்றும் அறைக்குள் பயிற்சியாளரின் பேச்சைக் கேட்பது, ஆட்டக்காரர்களோடு வாசல்வரை நடந்து வருவது, பிறகு மைதான ஓரத்தில் அவர்கள் உட்காரும் நீள வாங்கிலிருந்தே ஆட்டத்தைப் பார்ப்பது. ஒலிபெருக்கியில் என் பெயரை வாசிக்க முயன்றவர் இரண்டு தரம் முயன்றுவிட்டு, "டில்லி, அந்தக் கறுத்த ஆள்" என்று முடித்தார். லெஸ் என் முதுகில் அறைந்தார். நான் சின்னப்பிள்ளையைப் போலச் சந்தோஷப்பட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் போகப்போகிறேன் என்ற ஒரே நினைவுதான்.

நல்ல காரியத்துக்குப் போகிறவன் தலைக்குத் தோய்ந்துவிட்டுத்தானே போகவேண்டும்? அதிலும் அது சனிக்கிழமை. ஊரிலிருந்து வந்திருந்த நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்து, உச்சியில் ஊற்றி, காதுக்குள்ளும் விட்டுக்கொண்டு, கூதலில் நடுங்கியபடி ஊறவைத்தேன். புவனா கதவடியில் நின்று பார்த்தாள். "இஞ்ச அரப்பும் இல்லை, சீயாக்காயும் இல்லை. உந்த எண்ணெய் எப்பிடிப் போகுமெண்டு நினைக்கிறியள்?" என்றாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. பாதித் தோய்ச்சலில் சுடுதண்ணீர் முடிந்துவிட்டது. மெல்பேர்ணின் குளிர்தண்ணீருக்கு நல்லெண்ணெய் அசையுமா? துவாயால் அழுத்தித் துடைத்து, மிச்சத்தைப் படிய வாரிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். மயிர் பளபளவென்று அழகாகத்தான் இருந்தது.

கழகக் கட்டடத்தின் வாசலில் நின்றவன் என்னையும் சேலைக்கு மேல் கோட் போட்டிருந்த புவனாவையும் பார்த்துவிட்டு, துப்புரவு வேலையாட்கள் பின்பக்கத்தால் வரவேண்டும் என்றான். அழைப்பு அட்டையை நீட்டினேன். அட்டையையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். மன்னிப்பு என்ற ஒரு சொல் வந்திருக்கலாம், வரவில்லை. உள்ளே கழகத் தலைவர் டாய்ல், மரக்காலையில் பலகை விற்பவர், உருண்டு திரண்ட மனிதர், என் கையைக் குலுக்கியபடி எனக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்துச் சிரித்தார். "இந்தியாவிலிருந்து வந்திருக்கும் நமது டில்லி" என்று அறிமுகம் செய்தார். நான் இந்தியா இல்லை என்றேன். எல்லாம் அந்தப் பக்கம்தானே என்றார்.

சாப்பாட்டு மேசையில் எல்லாம் மாட்டிறைச்சி. புவனா உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதைக் கவனித்த ஒருவன், உங்கள் பசு எங்கள் வீட்டுக்கு வந்தால் கும்பிடுவீர்களா என்று கேட்க, மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். பிறகு டாய்ல், வந்தவர்களை வரவேற்கும் முறையில், புவனாவின் பக்கம் திரும்பிக் கேட்டார். "நீங்களும் எங்களுக்குப் பாறக் பண்ணுவீர்கள்தானே, மிஸிஸ் டில்லி?"

நான் வாயைத் திறக்கமுன் புவனா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வகுப்பில் நின்று பேசும் அதே ஆங்கிலம், ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக. "நிச்சயமாக இல்லை. என் வாழ்நாளில் நான் பாறக் பண்ணியதில்லை. என் மாணவிகள் பண்ணினாலும் முழங்காலில் நிறுத்துவேன்."

டாய்ல் தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எனக்குக் கொழும்பு ஞாபகம் வந்தது. நான் அங்கே வேலை பார்த்த காலத்தில், இனக்கலவரம் நடந்த ஒருநாள் தெருவில் காடையர் கூட்டம் ஒன்று என்னை மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் என்ன சொல்வது, சொல் பார்ப்போம் என்று கேட்டது. நாக்குப் பிசகினால் நான் எந்தப் பக்கத்தவன் என்று தெரிந்துவிடும். அன்று தப்பினேன். அந்தப் பயத்தில்தான் இந்த நாட்டுக்கு ஓடிவந்தேன். இங்கேயும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் பக்கம் பார்க்கிறார்கள். நான் அவசரமாக, ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்று விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. டாய்ல் எழும்பி, ஆண்கள் இனி உடுப்பு மாற்றும் அறைக்குப் போகலாம், பெண்கள் குசினியில் கைகொடுக்கலாம் என்றார். விசேஷ விருந்தாளியான என் மனைவிக்கு ஒரு சமையல் மேலங்கியும் வெண்ணெய்க் கத்தியும் கொடுத்தார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

உடுப்பு மாற்றும் அறையில் தசைநோவுத் தைலத்தின் மணம் மூக்கைக் கிழித்தது. மேசைகளில் மல்லாந்து கிடந்த பொடியன்களின் கால்களில் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்த்த கையோடு யாரும் ஆட்டக்காரனின் கையைத் தொடுவதில்லை. ஒருவன் துவாயோடு சுற்றிச்சுற்றி வந்து ஒவ்வொருவர் உள்ளங்கையையும் காயத் துடைத்துவிட்டான். கை காய்ந்திருந்தால்தான் பந்து நிற்கும் என்றான். பயிற்சியாளர் வாங்கில் ஏறி நின்று, எதிரணியின் தாயையும் தகப்பனையும் இழுத்துப் பேசினார். அவன்களின் எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்கவேண்டும் என்றார். எனக்கு இரத்தம் கொதித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பச்சை மஞ்சள் சேர்ட் கொடுத்திருந்தால் நானும் இறங்கி ஆடியிருப்பேன்.

எல்லோரும் எழும்பி வாசலுக்கு வந்தார்கள். நான் கதவோரமாக நின்றேன். முதலில் வந்த அணித் தலைவன், நல்ல உயரமான பொடியன், என் முன்னால் நின்று இரண்டு கையையும் என் தலையில் வைத்து அழுத்தித் தடவினான். பிறகு அடுத்தவன். பிறகு அவனுக்கு அடுத்தவன். ஒருவர் தவறாமல் என் தலையைத் தடவிக்கொண்டு போனார்கள். முதல் இரண்டு மூன்று பேரும் தடவும்வரை எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இரண்டு வருஷம் வேலியோரம் மழையில் நின்றதற்கு இப்போது என்னைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். நாலாவதாக வந்தவன் பின்னால் திரும்பி உரக்கச் சொன்னான். "எல்லாரும் கறுப்பனின் தலையைத் தடவுங்கள், அதிர்ஷ்டம் வரும்." பயிற்சியாளரும் சிரித்தார். டாய்லும் சிரித்தார். நான் சால்வையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வீதியில் வைத்து ஒருவன் காறித் துப்பியபோதுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. துப்பியவன் என்னை ஆள் என்று நினைத்துத்தான் துப்பினான். இவர்களுக்கு நான் கதவில் தொங்கும் குதிரை லாடம்.

ஆனால் அந்தத் தலையில் இருந்தது அசல் நல்லெண்ணெய்.

ஆட்டம் தொடங்கியது. பந்து உயர வந்தது. எங்கள் தலைவன் அழகாக எழும்பினான், இரண்டு கையும் பந்துக்குப் போயின, பந்து வழுக்கிக்கொண்டு அவன் முகத்தில் மோதி விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கொலிஜ் பொடியன்களின் கையில் பட்ட பந்தெல்லாம் மீன் நழுவுவதுபோல நழுவியது. நேர்மைக்காகச் சொல்கிறேன், மழை தூறிக்கொண்டுமிருந்தது. ஆனால் எதிரணியின் மேலும் அதே மழைதான் தூறியது. அவர்கள் எடுத்தெடுத்து அடித்தார்கள். வாங்கிலிருந்த நான் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டேன். பிறகு என்ன நடக்கிறது என்று விளங்கியதும் உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் கிளம்பியது. அடக்க நான் முயலவில்லை.

முதல் இடைவேளையில் தலைவன் ஓடிவந்து தன் உள்ளங்கையை மணந்து பார்த்தான். பிறகு என்னைக் காட்டினான். பயிற்சியாளர் என் முன்னால் வந்து நின்றார். "தலையில் என்னத்தைப் பூசியிருக்கிறாய்?"

"நல்லெண்ணெய்" என்றேன், தமிழில்தான். அதற்கு ஆங்கிலச் சொல் அப்போது வாயில் வரவில்லை. பிறகு ஆங்கிலத்தில், "இன்றைக்குச் சனிக்கிழமை" என்று சேர்த்துக்கொண்டேன்.

"சனிக்கிழமைக்கு என்ன?"

"சனிக்கிழமைகளில் பூசுவோம்."

"வேண்டுமென்றே செய்தானோ தெரியாது" என்றான் சாப்பாட்டு மேசையில் இருந்த ஒருவன். "இவன் மனைவி அப்போதே சொன்னாளே, எங்களுக்குப் பாறக் பண்ணமாட்டேன் என்று." டாய்ல் என் தோளில் கை வைத்தார். அதுதான் அன்று அவர் என்னைத் தொட்ட இரண்டாவது தரம். நீ வெளியே உன் ஆட்களோடு நின்று பார்ப்பது உனக்கும் வசதியாக இருக்கும் என்று சொல்லி, வாங்கிலிருந்து என்னை எழுப்பிவிட்டார். நான் அவரிடம், என் தலையைத் தடவும்படி நான் யாரையும் கேட்கவில்லை என்று சொன்னேன். காதில் விழுந்ததோ தெரியாது. ஆட்டக்காரர்கள் துவாய்க்கு அடிபட்டுக்கொண்டிருந்தார்கள்.

குசினிக்குப் போனேன். புவனா பாண் துண்டுகளின் மலைக்கு நடுவில் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள்.

"வாரும், போவம்" என்றேன்.

"என்னப்பா, அதுக்குள்ள முடிஞ்சுதோ?"

நடந்ததைச் சொன்னேன். அவள் மேலங்கியை அவிழ்த்து மேசையில் எறிந்தாள். "என்ர கையில வெண்ணெயைப் பூச வைச்சினம், நீங்கள் அவையின்ர கையில எண்ணெயைப் பூசிவிட்டிட்டியள். சரிக்குச் சரி" என்றாள். பிறகு முகம் மாறியது. "உங்கட தலையைத் தடவினவையோ? ஆர், எல்லாருமோ?" ஓம் என்றேன்.

ரயிலுக்குப் போகலாம் என்றுதான் நான் நினைத்தேன். புவனா நேரே வேலியடிக்கு நடந்தாள். லெஸ் வழக்கமான இடத்தில் நின்றார். உள்ளே போனவன் ஏன் வெளியே வந்தான் என்று அவர் கேட்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து இருவருக்கும் இடம் விட்டார். சரியாக அந்த நேரம் எங்கள் தலைவன் இன்னொரு பந்தைக் கைநழுவவிட்டான். என் மனைவி, மாணவிகளை முழங்காலில் நிறுத்திய ஆங்கில ரீச்சர், இரண்டு கையையும் வாயில் குவித்து, அடிவயிற்றிலிருந்து, யாழ்ப்பாணத்து முற்றவெளி மைதானத்துக்கே கேட்கும்படியாக ஒரு கூ அடித்தாள்.

"கூ... கூ...!"

நானும் சேர்ந்தேன். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு நான் அப்படிக் கூவியதில்லை. பந்து நழுவும்போதெல்லாம் கூவினோம். டாய்ல் இருந்த கழகக் கட்டடத்தின் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தும் கூவினோம். வேலியோரத்து ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடிக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். லெஸ் முகமெல்லாம் மலர்ந்து புவனாவின் பக்கம் சாய்ந்தார். "குட் ஒன் யூ, லவ். அப்படித்தான் பாறக் பண்ணவேணும். தோற்கிற நேரத்திலதான் பொடியன்களுக்கு அது தேவை."

அவருக்குப் பக்கத்தில் நின்றவனும் கூவத் தொடங்கினான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். கடைசியில் அந்தப் பக்கத்து வேலி முழுக்கக் கொலிஜுக்கு ஆதரவாகக் கூ அடித்தது. புவனா வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இதென்னப்பா விசர்?" என்றாள். அப்போதுதான் அந்தச் சொல்லின் கதையை அவளுக்குச் சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. நாங்கள் மனமார வைதது, அவர்கள் காதுக்கு அன்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த ஊரில் எங்களுக்குக் கோபித்துக்கொள்ளக்கூட ஒரு சத்தம் இல்லையா?

கொலிஜ் மோசமாகத் தோற்றது. திரும்பிப் போகும் ரயிலில் தொப்பி போட்ட ஒருவர் வந்து எங்களுக்கு எதிரே இருந்தார். பெட்டியில் வேறு இடங்கள் இருந்தன. என் சால்வையைப் பார்த்து, கொலிஜுக்கா பாறக் பண்ணுகிறீர்கள் என்று கேட்டார். நான் பேசமுன் புவனா முந்திக்கொண்டாள். "ஓம். இன்றைக்கு நாங்கள் அவர்களை நன்றாகப் பாறக் பண்ணினோம்" என்றாள், சுத்தமான ஆங்கிலத்தில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"வென்றார்களா?"

"இல்லை" என்றேன். கட்டாயம் தோற்கவேண்டும் என்று பின்னேரம் முழுக்கக் கத்தியவன் நான். அவர்கள் தோற்றது எனக்கு உண்மையாகவே வலித்தது. அந்த மனிதர் இறங்கும்போது என் தோளில் தட்டி, அடுத்த கிழமை வெல்வார்கள், மனம் விடாதே என்றார்.

"உந்தச் சால்வையைக் கழட்டுங்கோ" என்றாள் புவனா. "ஒரே எண்ணெய் மணம். நாளைக்குத் தோய்க்கவேணும்."

முகத்தருகே எடுத்து மணந்து பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமான அந்தக் கம்பளி முழுக்க எங்கள் ஊர் நல்லெண்ணெய் இறங்கியிருந்தது. கழற்றினால் திங்கட்கிழமை பக்கத்து இருக்கை மறுபடியும் காலியாகத்தான் வரும். தோய்த்தால் மணம் போய்விடும். ஸ்பிரிங்வேல் வந்தது. சால்வையை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.